சர்க்கரை முள்

அத்தியாயம் பதினான்கு

போன வாரம் குறடு மஞ்சள் நாடாவுக்கு வெளியே முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். இந்த வாரமும் அங்கேதான் இருக்கிறார். ஆனால் இன்று முகச்சவரம் செய்து, நகம் வெட்டி, பீரோவின் அடியில் கிடந்த வெள்ளைச் சட்டையை எடுத்துப் போட்டிருக்கிறார். இன்று அவருக்கு விடுதலை நாள். நாடாவைத் தாண்டி உள்ளே போய்ப் பேரனைக் கையில் வாங்கப் போகிறார்.

பேரனுக்கும் அவருக்கும் நடுவே நாடா வந்த கதையை, இடையில் இரண்டு வாரம் இதழ் கைக்குக் கிடைக்காதவர்களுக்காகச் சுருக்கிச் சொல்லிவிடலாம்.

குறடு ஒரு பல் டாக்டர். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அதை அவரே மறந்துவிட்டார். நாற்பது வருஷம் பல் பிடுங்கினார். ஒரு தடவை கரண்ட் போன நேரத்தில், தீக்குச்சி வெளிச்சத்தில் ஒரு கடைவாய்ப் பல்லை எடுத்தார். விளக்கு வந்த பிறகு பார்த்தால் அது நோயாளியின் பல் இல்லை, துணைக்கு வந்த மச்சானுடைய பல். மச்சான் எழுந்து நன்றி சொல்லிவிட்டுப் போனான். அப்படிப்பட்ட கை.

ஊரில் அவர் ஊசி போடாத ஈறு கிடையாது. ஆனால் ஊசியின் முனை தன் பக்கம் திரும்பினால் ஆள் காலி. ஒரு முறை இரத்தப் பரிசோதனைக்குப் போனவர், பஞ்சில் ஸ்பிரிட் நனைக்கிற வாசனைக்கே சாய்ந்தார். சாய்ந்த வேகத்தில் நாற்காலி தப்பித்தது. நர்ஸுக்குத்தான் மணிக்கட்டு சுளுக்கிக்கொண்டது. அவர் உடம்பில் ஓடுவது என்ன வகை இரத்தம் என்று இன்றுவரை மருத்துவ உலகத்துக்குத் தெரியாது.

இந்த நிலைமையில் பேரன் பிறந்தான். யாரோ பின்னால் துரத்துகிற மாதிரி, மாதம் நிறையும் முன்பே ஓடி வந்தான். வந்தபோது ஒரு ஜோடிச் செருப்பின் கனம்தான் இருந்தான். அவன் அம்மாவுக்கு வயிற்றுப் பிள்ளையோடு போட வேண்டிய கக்குவான் இருமல் தடுப்பூசியை, அவன் காட்டிய அவசரத்தில் பிரசவத்துக்குப் பிறகுதான் போட முடிந்தது. அது அவளைக் காக்கும், அவனைக் காக்காது. அவனுக்கே போடுவதற்கு இன்னும் வயசு வரவில்லை. ஊரிலோ அந்த இருமல் படி படியாக ஏறி வீடு வீடாக விசாரித்துக்கொண்டிருந்தது.

"இந்தச் சைஸ்ல இருக்கிற குழந்தைக்கு அந்த இருமல் வந்தா, இருமக்கூடத் தெரியாதும்மா. மூச்சு நின்னுடும்," என்று குழந்தைகள் டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். "சின்னதா ஒரு செருமல் கேட்டாலும் தூக்கிட்டு ஓடி வந்துடணும். யோசிக்கக் கூடாது."

மருமகள் லிஃப்ட் இன்ஸ்பெக்டர். கயிறு அறுந்தால் என்ன ஆகும் என்று யோசிப்பதற்காகவே சம்பளம் வாங்குகிறவள். ஆபீஸ் மஞ்சள் நாடாவைக் கொண்டுவந்து குழந்தையின் அறை வாசலில் குறுக்கே கட்டினாள். 'பழுது பார்க்கப்படுகிறது, ஏறாதீர்' என்று அதில் அச்சடித்திருந்தது. தடுப்பு மருந்து ஏறி இரண்டு வாரம் ஆகாதவர்கள் நாடாவைத் தாண்டக் கூடாது என்பது அவள் போட்ட சட்டம். ராத்திரி குழந்தையைப் பார்க்க இன்னொரு ஆள் வேண்டும் என்பதால் அதன் தகப்பனுக்கு மட்டும் ஒரு சலுகை, மருந்து ஏறிய அன்றே உள்ளே வரலாம்.

குறடு முதலில் கொள்கை பேசிப் பார்த்தார்.

"எங்க காலத்துல எல்லாம் குழந்தைங்க இருமி இருமித்தான் வளந்துச்சு."

"வளராததுங்க வந்து சொல்லாது மாமா," என்றாள் மருமகள்.

கொள்கை அதோடு முடிந்தது. முக்காலி வந்தது.

அப்போதுதான் ஞானம் தன் கைப்பையோடு கதைக்குள் வந்தாள்.

ஞானம் குறடின் மூத்த மகள். அதுவும் பெயர் இல்லை. எட்டு வருஷத்துக்கு முன்பு, கல்யாணம் முறிந்து பெட்டியோடு திரும்பி வந்த அன்று, நாற்காலியில் வாயைத் திறந்து படுத்திருந்த நோயாளியிடம் குறடு அவளை அறிமுகப்படுத்தினார்: "இது எங்க வீட்டு ஞானப்பல். வேண்டாத நேரத்துல மொளச்சு, கோணலா நின்னு, எடத்த அடச்சிக்கிட்டு, வலிய மட்டும் குடுக்கும்." வாயில் பஞ்சு இருந்ததால் நோயாளியால் உடனே சிரிக்க முடியவில்லை. வெளியே போய்ச் சிரித்தான். தெருவில் பாதிப் பேரைக் கூட்டிவைத்துச் சிரித்தான். ஞானப்பல் நாளடைவில் ஞானமாகத் தேய்ந்தது. இப்போது தபால்காரர்கூட அதுதான் அவளுடைய பெயர் என்று நம்புகிறார்.

அவள் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் ஊசி இல்லாத தடுப்பூசி தயாராகிறது.

"ஊசியே இல்லைன்னா அப்புறம் எதுக்குத் தடுப்பூசின்னு பேரு?" என்று குறடு கேட்டார்.

"பல்லே இல்லாதவங்க பல் டாக்டர்கிட்ட வர்றதில்லையா, அந்த மாதிரிதான்," என்றாள் ஞானம்.

கட்டைவிரல் நகம் அகலத்தில் ஒரு பேட்ச். அதன் அடிப்பக்கம் மருந்து கலந்த சர்க்கரையில் வார்த்த முட்கள். கண்ணுக்குத் தெரியாது, விரலால் தடவினால் பூனை நாக்கு மாதிரி சொரசொரக்கும். புஜத்தில் வைத்து அழுத்தினால் தோலின் மேல் படலத்துக்குள் போய்க் கரைந்துவிடும். வலி கிடையாது, நர்ஸ் வேண்டாம். 'வீட்டு ஆளே ஒட்டலாம்' என்று விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள்.

விளம்பரம் எழுதினவருக்கு வீடு இல்லை போலிருக்கிறது.

ஞானத்தின் வேலை, முட்கள் எல்லாம் நிமிர்ந்து நிற்கின்றனவா என்று மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது. நர்ஸுகளுக்குப் பழக்கிக் காட்டுவதற்காக, மருந்து கலக்காத வெறும் சர்க்கரை பேட்ச்களும் அங்கே உண்டு. உறையின் நிறம்தான் வேறு. உறையைக் கிழித்துப் போட்டுவிட்டால், வார்த்தவனே வந்தாலும் எது எது என்று சொல்ல முடியாது.

அவள் இரண்டு பேட்ச் கொண்டுவந்தாள். ஒன்று அப்பாவுக்கு. இன்னொன்று தம்பிக்கு, அதாவது குழந்தையின் தகப்பனுக்கு. சமையலறையில் நின்று உறைகளைக் கிழித்தாள். தம்பிக்கு எடுத்தது மருந்து. அப்பாவுக்கு எடுத்தது வெறும் சர்க்கரை. இரண்டையும் ஒரே தட்டில் எதிரெதிர்ப் பக்கமாக வைத்து எடுத்துப் போனாள்.

இது அவளுக்கும் நமக்கும் மட்டும் தெரியும்.

அவளைப் பொல்லாதவள் என்று சொல்லும் முன் கணக்கைப் பாருங்கள். குறடு நாடாவைத் தாண்டக் கால் தூக்குகிற அந்த நொடியில், எல்லோர் முன்பாகவும் விஷயத்தை உடைப்பாள். அவர் குழந்தையைத் தொடும் முன்பே. பிறகு கைப்பையில் இருக்கும் நிஜமான பேட்சை எடுத்து ஒட்டுவாள். அவர் மறுபடி முக்காலியில் போய் உட்கார்ந்து இன்னும் இரண்டு வாரம் காத்திருப்பார். குழந்தைக்கு ஒரு தூசு ஆபத்தும் இல்லை. வலியை மட்டும் கொடுப்பவள் என்று ஊருக்குச் சொன்னாரே, ஒரு தடவையாவது கொடுத்துப் பார்க்கலாம் என்று நினைத்தாள்.

விடுதலை நாள் காலையில், அந்த நினைப்போடு டீத் தட்டை எடுத்துக்கொண்டு முக்காலிக்கு வந்தாள்.

குறடு தட்டை அரைச் சுற்று திருப்பிவிட்டு, எதிர்ப்பக்கம் இருந்த டம்ளரை எடுத்துக்கொண்டார். அது கிளினிக்கில் ஒட்டிக்கொண்ட பழக்கம். கம்பவுண்டர் நோயாளிக்கு அந்தப் பக்கம் நின்று தன் கைவாட்டத்துக்குத் தட்டில் சாமான்களை அடுக்குவார். டாக்டர் தன் கைவாட்டத்துக்கு அதைத் திருப்பிக்கொள்வார். ஒரு விழா மேடையில், தட்டில் வைத்து நீட்டிய கேடயத்தைக்கூடத் திருப்பிவிட்டு, பக்கத்தில் நின்ற ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியருக்கு வந்த சால்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டு வீட்டுக்கு வந்தவர் அவர். தலைமை ஆசிரியர் கேடயத்தோடு போனார். 'நாற்பது ஆண்டு பல் சேவைக்காக' என்று அதில் பொறித்திருந்தது. அவரும் அதை மாட்டி வைத்திருக்கிறார்.

"சர்க்கரை போட்டியா?" என்றார் குறடு.

"போட்டேம்பா. உங்க உடம்புக்குத்தான் சர்க்கரை நல்லா ஒத்துக்குதே."

"என்னது?"

"ஒண்ணுமில்ல. ஆறிடும், குடிங்க."

அவர் சட்டைக் கையை மடித்துப் புஜத்தைக் காட்டினார். "இங்க பாரு, இன்னும் கல்லு மாதிரி இருக்கு. உங்க கம்பெனிக்காரன் மருந்த அள்ளிப் போட்டுட்டான். அன்னிக்கு ராத்திரி எனக்கு அடிச்ச ஜுரத்துக்கு வேற ஆளா இருந்தா போய்ச் சேர்ந்திருப்பான்."

"நீங்க தைரியசாலிப்பா."

"உன் தம்பிக்குப் பாரு, ஒரு சின்ன தடிப்புகூட இல்ல. உடம்புல சத்து இருந்தாத்தான் மருந்து வேலை செய்யும்."

ஞானம் கன்னத்தின் உட்பக்கத்தைக் கடித்துக்கொண்டாள். இரண்டு வாரமாக இதே வேலையாகக் கடித்ததில் அங்கே ஒரு புண்ணே வந்துவிட்டது. வெறும் சர்க்கரைக்கு ஜுரம். வெறும் சர்க்கரைக்குக் கல்லு மாதிரி வீக்கம். ஒவ்வொரு முனகலையும் அவள் வெல்லக்கட்டி போல எடுத்து வைத்துக்கொண்டாள், மதியம் மொத்தமாகப் பரிமாறுவதற்கு.

நாடாவுக்கு அந்தப் பக்கம் தம்பி குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே நடந்தான். ஒன்றாம் வகுப்பு வாத்தியார். மூக்கு ஒழுகும் முப்பது பேருக்கு நடுவில் உட்கார்ந்து எழுத்துச் சொல்லித்தருகிற சாது. வகுப்பில் இப்போது பாதி பெஞ்சு காலி. எல்லாம் இருமல் லீவு.

அவன் தொண்டையைச் செருமினான்.

மருமகள் துணி மடிப்பதை நிறுத்தினாள். "என்னங்க அது?"

"சாக்பீஸ் தூசி."

"உங்க ஸ்கூல்ல சாக்பீஸே கிடையாது. மார்க்கர்தான்."

"அப்ப மார்க்கர் தூசி." அவன் சிரித்தான். "பயப்படாத. எனக்குத்தான் பேட்ச் போட்டாச்சே."

"அதனாலதான் உங்கள உள்ள விட்டு வச்சிருக்கேன்," என்று அவள் மறுபடி மடிக்க ஆரம்பித்தாள்.

மதியச் சாப்பாட்டுக்குக் கம்பவுண்டரைக் கூப்பிட்டிருந்தது ஞானம்தான். குறடின் பழைய உதவியாளர். டாக்டர் சொல்லும் ஜோக்குகளுக்கு நாற்பது வருஷம் சிரித்துச் சிரித்து, இப்போது டாக்டர் வாயைத் திறந்தாலே சிரித்துவிடுவார். சாவுச் செய்தி சொல்லும்போதும் ஒரு முறை அப்படி ஆகியிருக்கிறது. அவர் காதில் விழுந்த சேதி சாயங்காலத்துக்குள் ஊரின் கடைசித் தெருவுக்குப் போய்ச் சேரும். ஞானத்துக்கு வேண்டியிருந்தது அந்த ஒலிபெருக்கி.

அவர் வருவதற்குள் ஒரு காரியம் நடந்தது. அது மட்டும் இன்னும் கொஞ்சம் வேறு மாதிரி நடந்திருந்தால் இந்த அத்தியாயத்தை இங்கேயே முடித்துவிட்டு எல்லோரும் நிம்மதியாகச் சாப்பிடப் போயிருக்கலாம்.

சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த ஞானம், குறடு முக்காலியில் தனியாக இருப்பதைக் கண்டாள். ஒரு துண்டைச் சுருட்டி, இடது முழங்கையில் படுக்கவைத்து, வலது உள்ளங்கையால் அதன் தலைமாட்டைத் தாங்கிப் பழகிக்கொண்டிருந்தார். துண்டின் தலை சரிந்தது. "ஐயோ, ஐயோ," என்று அதனிடம் மன்னிப்புக் கேட்டு மறுபடி நிமிர்த்தினார். எத்தனையோ பேரின் தாடையை அலட்சியமாகத் திருப்பிய அந்தக் கை, துண்டுக்கு அடியில் இடம் தேடித் தடவியது.

ஞானம் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். போகட்டும், தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாம், கிழவன் முகம் யார் முன்னாலும் விழ வேண்டாம் என்று ஒரு அடி எடுத்து வைத்தாள்.

குறடு நிமிர்ந்து பார்த்தார். பழகுவதை அவள் பார்த்துவிட்டாள் என்று தெரிந்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். வெட்கப்பட்ட ஆளுக்கு நாக்குதான் முதலில் எழுந்து நிற்கும்.

"நீ எதுக்கு இங்க வந்து நிக்கற? புடுங்கின எடத்துல மறுபடி மொளைக்காது ஞானம். அடுத்தவ பெத்தத பாத்து ஏங்காத."

வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த கம்பவுண்டர் இதைக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

ஞானம் எடுத்து வைத்த அடியைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். "வாங்க அங்கிள்," என்றாள். "நல்ல நேரத்துக்குத்தான் வந்திருக்கீங்க."

சாப்பாட்டுக்கு முன்பு நாடாவை அவிழ்ப்பது என்று ஏற்பாடு. மருமகள் குறடை சோப்புப் போட்டு இரண்டு முறை கை கழுவ வைத்தாள். நாடாவின் ஒரு முனையை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டாள். உள்ளே வாத்தியார் குழந்தையோடு தயாராக நின்றான். குழந்தை அப்பனின் சட்டைக் காலருக்குள் மூக்கைப் புதைத்துத் தூங்கியது. கம்பவுண்டர் சுவரோரமாக நின்றார். குறடு வலது காலைத் தூக்கினார்.

"ஒரு நிமிஷம்," என்றாள் ஞானம்.

கால் அந்தரத்தில் நின்றது.

"அப்பா, அன்னிக்கு உங்களுக்கு வச்ச பேட்ச்ல ஒண்ணுமே கிடையாது. வெறும் சர்க்கரை. நர்ஸுங்க ஒட்டிப் பழகறது."

கம்பவுண்டர் பழக்க தோஷத்தில் சிரிக்க ஆரம்பித்து, எந்தப் பக்கம் சேர்ந்து சிரிக்க வேண்டும் என்று தெரியாமல் பாதியில் விட்டார்.

"எனக்கு ஜுரம் வந்துச்சே," என்றார் குறடு.

"சர்க்கரைக்கு வந்த ஜுரம்பா அது. பச்சைத் தண்ணியத் தொட்டுத் தேச்சேன், அதுக்கே கண்ணை இறுக்கி மூடிக்கிட்டீங்க. ரெண்டு வாரம் அந்தக் கைய ஆட்டாம வச்சிக்கிட்டு, தலைகாணி வச்சித் தூங்கினீங்க. அங்கிள், நீங்க பாத்திருக்கணும். ஊருக்கெல்லாம் ஊசி போட்ட கை, சர்க்கரைக்குக் கட்டுப் போட்டுக்கலாமான்னு கேட்டுது."

மருமகளின் குரல் தாழ்ந்து வந்தது. "அண்ணி, என் குழந்தைய வச்சா விளையாடறீங்க?"

"குழந்தைக்கு என்ன ஆச்சு? இவர் இன்னும் தொடவே இல்லையே. தொடறதுக்கு முன்னாடிதானே சொல்றேன்." ஞானம் கைப்பையைத் திறந்து ஒரு உறையை எடுத்துக் காட்டினாள். "நிஜமான பேட்ச் இதோ. இப்பவே ஒட்டிடறேன். இன்னும் ரெண்டு வாரம் முக்காலில உக்காரட்டும். நான் எட்டு வருஷமா உக்காரலையா?"

அவள் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். எத்தனையோ காலமாகக் காத்திருந்த முகம். அது இதோ உடையப் போகிறது.

அது உடையவில்லை. மெல்ல விரிந்தது. குறடு சிரித்தார்.

"தட்டுல எந்தப் பக்கம் வச்ச?"

"என்ன?"

"அந்த வெறும் சர்க்கரைய. தட்டுல யார் பக்கம் வச்ச?"

"உங்க பக்கம். தம்பி பக்கம் மருந்து. எதுக்குக் கேக்கறீங்க?"

"தட்ட எங்க நடுவுல வச்சிட்டு நீ பஞ்சு எடுக்க உள்ள போனியே." குறடு தூக்கிய காலை இறக்கி, இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டார். "நான் திருப்பிட்டேன்."

கம்பவுண்டர் தொடையில் தட்டினார். "டாக்டர் தட்டைத் திருப்பாம எதையும் எடுக்க மாட்டாரே."

"பழக்கத்துலயும் திருப்பினேன், வேணும்னும் திருப்பினேன்," என்றார் குறடு. "நீ சிரிச்சுக்கிட்டே வந்த. எனக்கு நல்லது பண்றப்ப நீ சிரிச்சு நான் பாத்ததே இல்ல. இதுல ஏதோ சூது இருக்குன்னு நெனச்சேன். என்கிட்டயா? ஜுரம் நிஜ ஜுரம். வீக்கம் நிஜ வீக்கம். உன் மருந்து எனக்குள்ளதான் இருக்கு. என் உடம்பு பொய் சொல்லல ஞானம்."

அவர் கம்பவுண்டரைப் பார்த்தார். கம்பவுண்டர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். கிளினிக் நாட்களுக்குப் பிறகு இவ்வளவு நல்ல நாள் அவருக்குக் கிடைத்ததில்லை. சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, வெள்ளந்தியாகக் கேட்டார்:

"அப்ப அந்த வெறும் சர்க்கரை யாருக்குப் போச்சு?"

எல்லோரும் நாடாவுக்கு அந்தப் பக்கம் பார்த்தார்கள்.

வாத்தியார் குழந்தையைத் தோளில் போட்டபடி நின்றான். இரண்டு வாரமாக அதே தோள். பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, கை கழுவி, பால் கொடுத்து, ஏப்பம் வரத் தட்டி, தூங்கவைத்த தோள். அவனுக்குத் தொண்டைக்குள் அரித்தது. இப்போது வரக் கூடாது என்று உதட்டை இறுக்கி மூடினான். முகம் சிவந்தது, கண் பிதுங்கியது. குழந்தையை உடம்பிலிருந்து எவ்வளவு தள்ளிப் பிடிக்க முடியுமோ அவ்வளவு தள்ளிப் பிடித்து, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு இருமினான். ஒன்று வந்தபின் அது ஒன்றோடு நிற்கவில்லை.

ஞானம் காலையில் டீத் தட்டு திரும்பியதைப் பார்த்திருந்தாள். பிறந்ததிலிருந்தே பார்த்திருந்தாள். தினமும் பார்ப்பதை யார் பார்க்கிறார்கள்?

மருமகள் கத்துவாள் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவள் நாடாவின் முனையைக் கீழே விட்டாள். உள்ளே போனாள். கணவனின் கையிலிருந்து குழந்தையை வாங்கினாள். காய்ந்த துணியைக் கொடியிலிருந்து எடுப்பது போல, முகம் மாறாமல் வாங்கினாள்.

"வெளிய போங்க."

"நான் என்னம்மா பண்ணேன்," என்றான் வாத்தியார். "குடுத்தாங்க, ஒட்டிக்கிட்டேன்."

"தெரியும். வெளிய போய் அந்த முக்காலில உக்காருங்க. வாயைத் துணியால மூடிக்கங்க."

அவன் போய் உட்கார்ந்தான். முக்காலி இன்னும் குறடின் சூட்டோடு இருந்தது.

மருமகள் மாமனாரையும் நாத்தனாரையும் மாறி மாறிப் பார்த்தாள். "லிஃப்ட்ல கயிறு அறுந்தா புடிக்கறதுக்குக் கீழ ஒரு பிரேக் இருக்கும். ரெண்டையும் நானே இழுத்துப் பாக்காம கையெழுத்துப் போட மாட்டேன். கட்டினவன் எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும் சரி. நம்ம வீடுதானேன்னு இங்க மட்டும் இழுத்துப் பாக்காம விட்டுட்டேன்."

"நான் வேணும்னு பண்ணல," என்றாள் ஞானம்.

"நீங்க வேணும்னுதான் பண்ணீங்க அண்ணி. ஆள்தான் மாறிப் போச்சு."

கம்பவுண்டர் செருப்பைத் தேடினார். சாயங்காலத்துக்குள் சொல்லி முடிக்க ஊர் நிறைய இருந்தது.

டாக்டருக்குப் போன் செய்ய வேண்டும். அந்த வீட்டில் சிக்னல் சமையலறை ஜன்னலில் மட்டும்தான் கிடைக்கும். அதுவும் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, உடம்பைப் பாதி வெளியே நீட்டினால். குழந்தையை வைத்துக்கொண்டு நீட்ட முடியாது. ஞானம் தன்னையறியாமல் கையை நீட்டினாள்.

"உங்க கையில வேணாம்," என்றாள் மருமகள்.

குறடின் பக்கம் திரும்பினாள். "இந்த வீட்ல மருந்தும் உள்ள இருந்து, கையும் காலியா இருக்கிறது இப்ப நீங்க ஒருத்தர்தான் மாமா. புடிங்க."

அப்படித்தான் குறடுக்குப் பேரன் கிடைத்தான். யாரும் படம் எடுக்கவில்லை. இடது முழங்கையில் உடம்பு, வலது உள்ளங்கையில் தலை. துண்டில் பழகியது வீண் போகவில்லை. மருமகள் நாடாவை மறுபடி குறுக்கே இழுத்துக் கட்டிவிட்டுச் சமையலறைக்குப் போனாள். நாடாவுக்கு உள்ளே குறடு. வெளியே முக்காலியில் வாத்தியார், துண்டுக்குள் இருமிக்கொண்டிருந்தான். நடுவில், நாடாவைப் பிடித்தபடி ஞானம்.

குழந்தை கண் விழித்தது. தாத்தாவை ஒரு தடவை பார்த்தது. அதற்கு அவர் புதியவர். நெற்றியைச் சுருக்கி வாயைத் திறந்தது. அழப் போகிறது என்று குறடு குனிந்தார்.

அழவில்லை. தீக்குச்சியை உரசி, அது பற்றாமல் போனால் ஒரு சத்தம் வருமே, அவ்வளவுதான். பிறகு இன்னொரு உரசல். பிறகு சற்று நேரம் ஒன்றுமே இல்லை. உதட்டோரம் லேசாக நிறம் மாறி, திரும்ப வந்தது.

நாற்பது வருஷம் அடுத்தவர் வாயருகே முகத்தை வைத்து வாழ்ந்தவர் அவர். எது கொட்டாவி, எது தும்மல், எது விக்கல் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். இது அது எதுவும் இல்லை என்று அவருக்குத் தெரிந்தது. மெதுவாகத் தலையைத் தூக்கினார். நாடாவைப் பிடித்திருந்த ஞானத்தின் விரல்கள் வெளுத்திருந்தன. அவளும் கேட்டிருந்தாள். முக்காலியில் இருந்தவனுக்குத் தன் இருமலைத் தவிர எதுவும் கேட்கவில்லை.

சமையலறையிலிருந்து குரல் வந்தது. "மாமா, டாக்டர் லைன்ல இருக்காங்க. குழந்தை இருமிச்சா, செருமிச்சா? இருந்தா இந்த நிமிஷமே தூக்கிட்டு வரச் சொல்றாங்க. இல்லைன்னா நாளைக்குக் காலைல வந்தா போதுமாம்."

ஆமாம் என்று சொன்னால் இந்தக் கை மறுபடி காலியாகிவிடும். ஆமாம் என்று சொன்னால் அன்று தட்டைத் திருப்பியது எந்தக் கை என்று ஆஸ்பத்திரியில் கேட்பார்கள், ஊர் கேட்கும். இவ்வளவையும் குறடு யோசித்தாரா என்று தெரியாது. அவர் யோசிக்கும் முன்பே நாக்கு எழுந்து நின்றுவிட்டது.

"இல்லம்மா. ஒண்ணுமில்ல."

மருமகள் தன் தொழிலை மறக்கவில்லை. இரண்டாவது பிரேக்கையும் இழுத்துப் பார்த்தாள்.

"அண்ணி, நீங்க சொல்லுங்க. உங்களுக்கு ஏதாவது கேட்டுதா?"

குறடு மகளைப் பார்த்தார். கண் ஈரமாகி, தாடை தொங்கி, மூக்கு நுனி நடுங்கி, ஒரு நோயாளியின் முகமாக இருந்தது அது. பெட்டியோடு வந்து நின்ற நாளிலிருந்து அவள் பார்க்க ஆசைப்பட்ட முகம் அதுதான். கேட்காமலே கிடைத்தது, கேட்டதைவிட அதிகமாகவே கிடைத்தது.

ஊரையெல்லாம் வாயைத் திற, வாயைத் திற என்று அதட்டியே வாழ்ந்த மனிதர், மூடிக்கொள் என்று கண்ணால் கெஞ்சினார்.

ஞானம் வாயைத் திறந்தாள்.